தெரிந்தவர் என்பது ஒரு யோக்கியதையா?

பொதுப்பணத்தில் ஏழைகளுக்கென்று கட்டிய வீடுகளைப் பழுது பார்க்க வேண்டி வரும்போது, அந்த வேலையை இன்னாருக்குத்தான் கொடுப்பது என்று நாலு பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு, "டெண்டர் கேட்பதெல்லாம் வீண் காலதாமதம், இவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர், பக்கத்து வேலையையும் இவர்தான் செய்கிறார்" என்று சமாதானம் சொல்லுவது உலகத்தில் பல தேசங்களிலும் சர்வ சாதாரணமாக நடந்து வருகின்றது. இப்படிச் சொல்லுகிறவர்கள் எல்லோரும் லஞ்சம் வாங்குகிறவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அநேகர் யோக்கியர்களாகவே இருக்கக்கூடும். நாம் கேட்பதெல்லாம், தெரிந்தவர் என்பது எப்படி ஒரு யோக்கியதை ஆகும் என்பதுதான். யாருக்குத் தெரிந்தவர்? எந்த வேலையில் தெரிந்தவர்? அந்த வீட்டில் இரவு படுத்துத் தூங்கப் போகிறவனுக்கு அவர் தெரிந்தவரா?

ஒரு மாடு வாங்கப் போகிற குடியானவன்கூட, விற்கிறவன் தன் மாமன் மகனாகவே இருந்தாலும், பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். நுகத்தில் பூட்டிப் பார்க்கிறான். நாலடி நடத்திப் பார்க்கிறான். மாமன் மகன் கோபித்துக் கொள்வானே என்று பல்லைப் பார்க்காமல் விடுகிறவனை ஊரார் பைத்தியக்காரன் என்பார்கள். ஆனால் ஊரார் பணத்தில், ஊரார் குடியிருக்கும் வீட்டுக்கு வேலை செய்யும் ஆளைப் பிடிக்கும்போது மட்டும் பல்லைப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று பெரிய மனிதர்கள் நினைக்கின்றார்கள். தன் பணம் போனால் வலிக்கும். பிறர் பணம் போனால் வலிக்காது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

இதை வெறும் வாய்ப்பேச்சாகப் பேசிக்கொண்டிராமல், நடந்த ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அது நடந்த இடம் நம் தேசமல்ல. சட்டத்துக்கும் ஒழுங்குக்கும் தாங்களே உலகத்துக்கு வாத்தியார்கள் என்று சொல்லிக்கொள்ளுகின்ற இங்கிலாந்து தேசம். அதிலும் லண்டன் பட்டணம்.

லண்டனின் மேற்குப் பாகத்தில் கென்சிங்டன்–செல்சி என்று ஒரு வட்டாரம் இருக்கின்றது. அரண்மனையும் கோடீசுவரர்களின் மாளிகைகளும் உள்ள இடம். அதே வட்டாரத்தின் வடகோடியில், கவுன்சிலுக்குச் சொந்தமான, வாடகைக்காரர்கள் குடியிருக்கும் 24 மாடிக் கட்டிடம் ஒன்று 1974ஆம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குப் பெயர் கிரென்பெல் டவர். கவுன்சிலின் வீடுகளை 1996 முதல் நிர்வகித்து வந்த ஸ்தாபனத்துக்குக் "குடியிருப்போர் நிர்வாக ஸ்தாபனம்" என்று பெயர். பெயரில் குடியிருப்போர் இருந்தார்கள். அதன் போர்டிலும் குடியிருப்போர் சிலர் இருந்தார்கள். ஆனால் டவரில் இருந்தவர்களில் பலருக்கு அந்த ஸ்தாபனத்தின் மேல் நம்பிக்கை இல்லை; அந்த ஸ்தாபனத்துக்கோ, புகார் சொல்லுகிறவர்கள் எல்லாம் வம்புக்காரர்கள் என்று எண்ணம். பெயரில் ஜனங்கள் இருந்துவிட்டால் அதிகாரத்திலும் ஜனங்கள் இருப்பதாக அர்த்தமில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

2012ஆம் வருஷத்தில் இந்தக் கட்டிடத்தைப் புதுப்பிப்பது என்று ஏற்பாடாயிற்று. குளிர் தாக்காமலிருக்க வெளிச்சுவர் முழுவதும் தகடு போர்த்துவது, ஜன்னல்களை மாற்றுவது, உஷ்ணம் தரும் குழாய்களைப் புதிதாக்குவது என்பவை வேலைகள். நல்ல காரியந்தான். பழைய வீட்டில் குளிரில் நடுங்குகிறவனுக்கு இவை வேண்டாம் என்று யார் சொல்லுவார்கள்?

அந்தச் சமயத்தில் டவருக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடமும், விளையாட்டு நிலையமும் புதிதாகக் கட்டப்பட்டுக் கொண்டிருந்தன. அவற்றுக்கு பிளான் போட்டது ஸ்டூடியோ ஈ என்னும் கம்பெனி. கட்டியது லெட்பிட்டர் என்னும் காண்டிராக்டர் கம்பெனி. உடனே நிர்வாகிகளுக்கு ஒரு சுலபமான யோசனை பிறந்தது. பக்கத்தில்தானே ஆட்கள் இருக்கிறார்கள்! தெரிந்தவர்கள்தானே! அவர்களையே டவருக்கும் வைத்துக்கொண்டால் போயிற்று!

ஆனால் இதற்குச் சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. அப்போது அங்கே அமலில் இருந்த ஐரோப்பிய விதிப்படி, இந்த மாதிரியான சேவைக்கு ஏறக்குறைய 1,74,000 பவுனுக்கு மேல் சம்பளம் கொடுப்பதானால், பகிரங்கமாக விளம்பரம் செய்து, வருகிறவர்களைப் பரீட்சித்துத்தான் ஆளை எடுக்க வேண்டும். பிளான் போடும் கம்பெனியின் சம்பளமோ அதைத் தாண்டும்போல் இருந்தது. என்ன செய்தார்கள்? சம்பளத்தில் ஒரு பாகத்தைப் பின்னால் வாங்கிக்கொள்ளுவதாகத் தள்ளிவைத்து, கணக்கு அந்த எல்லைக்குக் கீழேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டார்கள். சுங்கச்சாவடிக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பாதி மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, மீதியை மட்டும் காட்டி வரி கட்டிவிட்டு, இருட்டியபின் இறக்கியதைச் சுமந்து வருகிற வியாபாரியை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கின்றோமோ அந்தப் பெயரை இதற்கும் சொல்லலாம். பகிரங்கப் போட்டியைத் தவிர்ப்பதற்காகவே இந்த நியமனம் இப்படி வளைக்கப்பட்டது என்று, நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையில் நடந்த விசாரணைக் கமிஷனும் 2024ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் வெளியிட்ட தன் முடிவான ரிப்போர்ட்டில் கண்டிருக்கின்றது.

இதனால் என்ன கெட்டுப் போயிற்று, நல்ல கம்பெனியாக இருந்தால் சரிதானே என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்தக் கம்பெனி பள்ளிக்கூடம் கட்டப் பிளான் போட்டிருக்கலாம். விளையாட்டு நிலையத்துக்கும் போட்டிருக்கலாம். ஆனால் ஜனங்கள் குடியிருக்கும் உயரமான கட்டிடம் ஒன்றுக்கு வெளியே தகடு போர்த்திய அனுபவம் அதற்குக் கிடையாது. பகிரங்கமாக விளம்பரம் செய்திருந்தால் முதல் கேள்வியே என்னவாக இருந்திருக்கும்? "இந்த வேலையை இதற்கு முன் எங்கே செய்தாய்? அங்கே போய்ப் பார்க்கலாமா?" என்பதாகத்தானே இருந்திருக்கும்? அந்தக் கேள்விக்கு எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வேறு நாலு கம்பெனிகளின் பதிலோடு அதை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். தெரிந்தவர் என்று உள்ளே அழைத்ததால் அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. கேட்டிருந்தால் வேறு ஆள் வந்திருப்பார் என்றோ, வந்தவர் தவறே செய்திருக்க மாட்டார் என்றோ நாம் ஜோசியம் சொல்லத் தயாராயில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலிருக்கும்படி ஏற்பாடு செய்தார்கள் என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

டெண்டர் என்பது மலிவுக்காக ஏற்பட்டது என்று பொதுவாக ஜனங்கள் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இது பெருந்தவறு. மலிவு என்பது அதில் வரும் ஒரு லாபம், அவ்வளவுதான். ஒருவன் யோக்கியதையை அவன் முகத்துக்கு நேரே கேட்கவும், கேட்டதை எழுதி வைக்கவும், எழுதி வைத்ததைப் பின்னால் மூன்றாவது மனிதன் ஒருவன் எடுத்துப் படிக்கவும் வசதி செய்வதே அதன் முக்கியமான உபயோகம். சிநேகத்தில் கேள்வி கேட்பது கஷ்டம். தாட்சண்யம் வாயை அடைத்துவிடும். அதனால்தான் சிநேகம் இல்லாத இடத்தில் வைத்து ஆளைப் பொறுக்க வேண்டும் என்று விதி செய்திருக்கின்றார்கள்.

இது நிற்க.

கட்டும் காண்டிராக்டர் விஷயத்தைப் பார்ப்போம். லெட்பிட்டர் கம்பெனியும் இந்த வேலைக்கென்று தனி டெண்டர் கேட்கப்படாமலேதான் முதலில் உள்ளே வந்தது. பிறகு அவர்கள் சொன்ன விலை, நிர்வாகிகள் ஒதுக்கி வைத்திருந்த தொகைக்கு மேல் ஏறக்குறைய 16 லட்சம் பவுன் போயிற்று. அப்போதுதான் நிர்வாகிகளுக்கு டெண்டர் என்று ஒன்று உலகத்தில் இருப்பது ஞாபகம் வந்தது. யோக்கியதையைப் பார்ப்பதற்காக வராத ஞாபகம், பணம் அதிகமானவுடன் வந்தது. 2013இல் பகிரங்க விளம்பரம் செய்தார்கள். கடைசியில் விலை சொன்ன கம்பெனிகள் மூன்று: டர்க்கன், முலாலி, ரைடன். இவற்றில் ரைடன் சொன்ன சுமார் 92 லட்சம் பவுன்தான் குறைந்த விலை.

"பார்த்தீர்களா, கடைசியில் டெண்டர் நடந்துதானே இருக்கிறது, பின் எதற்கு இந்தக் கூச்சல்?" என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். பதில் சொல்லுகிறோம். டெண்டர் நடந்தது; ஆனால் எப்படி நடந்தது? பிளான் போட்டவர் யார் என்பது போட்டியில்லாமலே முடிவாகிவிட்டது. அதன் மேல்தான் விலை கேட்டார்கள். அந்த விலைகூட போதவில்லை. இன்னும் சுமார் 8 லட்சம் பவுன் குறைய வேண்டும் என்று நிர்வாகிகளுக்கு ஆசை. அதற்காக, காண்டிராக்ட் இன்னாருக்கு என்று முடிவாவதற்கு முன்பே, 2014ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், ரைடன் கம்பெனியாரை மட்டும் தனியாக அழைத்து, எங்கெங்கே குறைக்கலாம் என்று ரகசியமாகப் பேசினார்கள். இப்படிப் பேசுவது கூடாது என்று அவர்களுடைய வக்கீல்களே யோசனை சொல்லியிருந்தும் பேசினார்கள். மற்ற இரண்டு கம்பெனிகளுக்கும் அந்தப் பேச்சில் இடமில்லை. வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கோ, அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது.

ஆகவே நடந்தது டெண்டர் அல்ல. டெண்டர் என்னும் சடங்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் யார் என்று பெரியவர்கள் முன்னமே பேசி முடித்துவிட்டு, ஊராருக்குக் காட்டுவதற்காகப் பெண் பார்க்கப் போவதைப் போன்றது இது. சொஜ்ஜி பஜ்ஜி செலவுதான் மிச்சம். சடங்குக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அதைச் செய்து முடித்தவன் தன் கடமை தீர்ந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்குவான். டெண்டரே கேட்காமல் ஆள் வைத்தவனையாவது, ஏன் கேட்கவில்லை என்று பிடிக்கலாம். சடங்கு செய்தவனோ காகிதத்தைக் காட்டுவான்.

அந்த ரகசியப் பேச்சுக்களில் பேசப்பட்ட குறைப்புகளில் முக்கியமானது எது தெரியுமா? போர்த்துகிற தகடு. முதலில் துத்தநாகத் தகடு போடுவதாகத் திட்டம். அதற்குப் பதிலாக வேறொரு தகடு தீர்மானிக்கப்பட்டது. அது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிதீன் என்னும் பிளாஸ்டிக்கை வைத்து ஒட்டியது. கடையில் சாமான் போட்டுக் கொடுக்கிறார்களே பை, அந்த ஜாதிச் சரக்குத்தான் நடுவில் இருந்தது. இப்படி மாற்றினதால் நிர்வாகிகளுக்குக் கிடைத்த மிச்சம் 2,93,368 பவுன். உண்மையில் மிச்சமான தொகை இதைவிட அதிகம் என்றும், ஏறக்குறைய 1,26,000 பவுனைக் காண்டிராக்டர் நிர்வாகிகளுக்குச் சொல்லாமல் தானே வைத்துக்கொண்டார் என்றும் பின்னால் விசாரணையில் வெளிவந்தது. ரகசிய அறையில் பேரம் பேசினால் பேசுகிறவனே ஏமாறுவான் என்பது நிர்வாகிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விலை என்ன, எவ்வளவு மிச்சம் என்று எல்லோரும் கேட்டார்கள். தீப்பிடித்தால் இந்தத் தகடு என்ன ஆகும் என்று எவரும் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பிளான் போட்டவர், அது காண்டிராக்டர் பார்த்துக்கொள்ளுவது என்று இருந்தார். காண்டிராக்டர், அது தகடு மாட்டும் துணைக் காண்டிராக்டர் பார்ப்பது என்று இருந்தார். துணைக் காண்டிராக்டர், மேலே படித்தவர்கள் இருக்கிறார்கள் என்று இருந்தார். தீ விஷயத்தில் யோசனை சொல்ல வந்த நிபுணர்களின் ரிப்போர்ட் முடிக்கப்படாமலே கிடந்தது. கவுன்சிலின் கட்டிடப் பரிசோதனை இலாகாவும் சரியென்று கையெழுத்துப் போட்டது. அந்தத் தகட்டையும் அதற்குப் பின்னால் வைக்கும் பொருளையும் செய்து விற்ற கம்பெனிகள், அவை எவ்வளவு எரியும் என்பதை மறைத்தும் திரித்தும் விற்றன என்று கமிஷன் சொல்லியிருக்கின்றது. ஆக, குற்றம் ஒரே ஒரு இடத்தில் இல்லை. டெண்டர் கோளாறு ஒன்றினால்தான் எல்லாம் வந்தது என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் எங்கே யார் எதற்குப் பொறுப்பு என்பது முதல் நாளில் எழுத்தில் கேட்கப்படாமல், தெரிந்தவர்களுக்குள்ளே வாய்வார்த்தையாக விடப்பட்டால், கடைசியில் ஒருவரும் பொறுப்பில்லை என்றுதான் முடியும்.

வேலை 2016இல் முடிந்தது. டவர் வெளிப்பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. அந்த வருஷம் நவம்பர் மாதத்தில், அங்கே குடியிருந்தவர்களில் சிலர், பெரிய விபத்து ஒன்று வந்து பல உயிர்கள் போனால்தான் இந்த நிர்வாகத்தின் லட்சணம் வெளியாகும் என்ற கருத்துப்பட எழுதி வெளியிட்டார்கள். அவர்களை வம்புக்காரர்கள் என்று சொல்லி வந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

2017ஆம் வருஷம் ஜூன் மாதம் 14ந் தேதி, இரவு 1 மணிக்குச் சற்று முன்னால், நாலாவது மாடியில் ஒரு வீட்டுச் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி ஒன்றிலிருந்து தீப்பிடித்தது. அந்த மாதிரித் தீ எந்த வீட்டிலும் வரக்கூடியது. ஒரு வீட்டோடு அணைந்திருக்க வேண்டியது. அது ஜன்னல் வழியாக வெளியே வந்து தகட்டைப் பற்றிக்கொண்டது. அரை மணி நேரத்துக்குள் கட்டிடத்தின் உச்சி வரை ஏறிவிட்டது. 72 பேர் மாண்டார்கள். அவர்களில் 18 பேர் குழந்தைகள். இந்தச் சாவுகள் அத்தனையும் தவிர்த்திருக்கக் கூடியவை என்பதே கமிஷன் தலைவரின் முடிவு. விதி என்றும் தலையெழுத்து என்றும் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இந்த ரிப்போர்ட்டை வாங்கிப் படிக்கட்டும். ஏழு பாகம் இருக்கின்றது. தலையில் எழுதியவன் யார் என்பதை அதில் பெயரோடு போட்டிருக்கிறார்கள்.

இனி, டெண்டர் வேண்டாம் என்கின்றவர்களில் லஞ்சத்துக்குச் சம்பந்தமில்லாத, படித்த, நல்ல எண்ணமுள்ள கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் வாதத்தையும் தள்ளிவிடக் கூடாது. இங்கிலாந்தில் 1980இல் செய்த சட்டப்படி, கவுன்சில்களின் சொந்தத் தொழிலாளிகள் செய்து வந்த கட்டிட வேலைகளையும் பழுது வேலைகளையும்கூட வெளிக் காண்டிராக்டர்களோடு போட்டியில் விட வேண்டியதாயிற்று. விலை குறைந்தவனுக்கே வேலை என்றானபோது, கூலி குறைந்தது. வேலையின் தரமும் கெட்டது என்று அநேக இடங்களில் முறையிட்டார்கள். பிறகு அந்தக் கட்டாயம் 2000ஆம் வருஷத்தில் எடுக்கப்பட்டது. இதற்கிடையில் 1994இல் மைக்கேல் லாதம் என்பவரும், 1998இல் ஜான் ஈகன் என்பவரும் சர்க்காருக்கு ரிப்போர்ட் கொடுத்தார்கள். காண்டிராக்டரும் வேலை கொடுப்பவரும் ஒருவரை ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டில் நிற்பதைவிட, நீண்டகாலக் கூட்டாளிகளாக இருந்து வேலை செய்தால் வேலையும் நன்றாகும், பணமும் மிஞ்சும் என்பது அவற்றின் சாரம்.

இதில் பாதி உண்மை இருக்கின்றது. குறைந்த விலைக்கே கொடுப்பேன் என்கின்ற டெண்டர், கண்ணை மூடிக்கொண்டு தெரிந்தவனுக்குக் கொடுப்பதற்கு அண்ணன்தான். முதலில் சிநேகிதனுக்குக் கொடுத்து, பிறகு விலைக்குப் பயந்து கடைசி விலைக்காரனுக்குக் கொடுத்த கிரென்பெல்லில் இரண்டு கெடுதலும் ஒருங்கே நடந்தன. ஆனால் ஈகன் சொன்னது வெறும் சிநேகம் அல்ல. செய்த வேலையை அளந்து பார்த்து, அந்த அளவின் மேல் நிற்கும் கூட்டுறவு என்றுதான் அவர் எழுதினார். நம் நிர்வாகிகள் அளவை என்கின்ற பாகத்தை எறிந்துவிட்டு, சிநேகம் என்கின்ற பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வைத்தியன் மருந்தும் பத்தியமும் சொன்னால் மருந்துக்குக் கலந்து குடிக்கச் சொன்ன தேனை மட்டும் நக்கிவிட்டு, வைத்தியர் சொன்னபடி செய்தேன் என்பது போல.

அடுத்தாற்போல் இன்னொரு வாதம். "பெரிய வேலைக்கு டெண்டர் இருக்கட்டும், சில்லறை வேலைகளுக்கு எதற்கு? ஒரு குழாய் ஒழுகினால், ஒரு கதவு உடைந்தால், அதற்கும் விளம்பரமா?" என்கின்றார்கள். கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கின்றது. இதைக் கேட்டு அப்படியே நடந்த ஒரு பட்டணமும் இருக்கின்றது. அதுதான் அமெரிக்காவின் நியூயார்க். அங்கே 1934இல் ஏற்பட்ட வீட்டு வசதி ஸ்தாபனந்தான் அந்தத் தேசத்திலேயே பெரியது. 300க்கு மேற்பட்ட குடியிருப்புத் தொகுதிகளை நிர்வகிப்பது. சில்லறை வேலைகள் சீக்கிரம் நடக்க வேண்டும் என்பதற்காக, 10,000 டாலர் வரைக்குமான பழுது வேலைகளை அந்தந்தத் தொகுதியின் மேற்பார்வை உத்தியோகஸ்தரே, போட்டி விலை கேட்காமல், தனக்கு இஷ்டமான காண்டிராக்டருக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள்.

2024ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 6ந் தேதி, அந்த ஸ்தாபனத்தின் பழைய, புதிய உத்தியோகஸ்தர்கள் 70 பேர் மேல் ஒரே நாளில் லஞ்ச வழக்குகள் தொடரப்பட்டன. அமெரிக்க சர்க்காரின் நீதி இலாகா ஒரே நாளில் இத்தனை பேர் மேல் லஞ்ச வழக்குப் போட்டது அதற்கு முன் இல்லை. டெண்டர் இல்லாமல் கொடுத்த 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வேலைகளுக்கு, 20 லட்சம் டாலருக்கு மேல் லஞ்சம் கைமாறியதாகக் குற்றச்சாட்டு. வேலையின் தொகையில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை என்பது ரேட். சிலரிடம் வேலை கொடுக்கும் முன்பே வாங்கினார்கள். சிலரிடம், வேலை முடிந்து பில்லில் கையெழுத்துப் போடும்போது வாங்கினார்கள். ஏறக்குறைய 100 தொகுதிகளில், அதாவது மூன்றில் ஒரு பங்கு இடத்தில் இப்படி நடந்ததாகச் சொல்லப்பட்டது. வழக்குக்கு உள்ளானவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

லஞ்சத் தொகை 500 டாலர், 1,000 டாலர், 2,000 டாலர் என்று சில்லறை சில்லறையாகத்தான் இருந்தது. சில்லறை வேலை, சில்லறைக் கையூட்டு. ஆனால் அந்தப் பணத்தைக் காண்டிராக்டர் தன் வீட்டிலிருந்தா கொண்டு வந்து கொடுப்பான்? வேலையின் தொகையைக் கூட்டி எழுதுவான். அல்லது போட வேண்டிய சரக்கைக் குறைப்பான். ஏமாறுகிறவன் ஒழுகும் குழாய்க்குக் கீழே வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடித்தனக்காரன்தான்.

கவனியுங்கள்: லண்டனில் 1,74,000 பவுன், நியூயார்க்கில் 10,000 டாலர். எங்கே எல்லைக்கோடு போட்டாலும் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரிய வேலையை உடைத்துச் சிறிய வேலைகளாக்குவார்கள். சம்பளத்தை உடைத்து இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் பாதி என்பார்கள். எல்லைக்கோடே வேண்டாம் என்று சொல்ல முடியாது. கதவுத் தாழ்ப்பாளுக்கு விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தால் வீட்டில் திருடன் புகுந்துவிடுவான். ஆனால் கோட்டுக்குக் கீழே நடப்பது இருட்டில் நடக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கின்றது? எந்த உத்தியோகஸ்தர், எந்தக் காண்டிராக்டருக்கு, எத்தனை தரம், எவ்வளவு தொகைக்கு வேலை கொடுத்தார் என்று ஒரு காகிதத்தில் எழுதி, அந்தக் கட்டிடத்து மாடிப்படிக்குப் பக்கத்தில் மாதாமாதம் ஒட்டிவிட்டால், குடியிருக்கிற பெண்மணிகளே கணக்குப் பார்த்துவிடுவார்கள். கதவுக்கு எத்தனை ரூபாய் ஆகும் என்பது அவர்களுக்கு இஞ்சினியரைவிட நன்றாகத் தெரியும்.

குடியிருக்கிறவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்பது அதிகாரிகளின் பழைய பல்லவி. புரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள்தான் கிரென்பெல்லில் ஆபத்து வரும் என்று முன்கூட்டி எழுதியவர்கள். புரிந்தவர்கள் என்று உள்ளே உட்கார்ந்தவர்கள்தான் பிளாஸ்டிக் தகட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள். ஆகையால், பழுது வேலைக்கு ஆள் பொறுக்கும்போது குடியிருப்போரில் இருவரையாவது அந்த அறைக்குள் உட்கார வைத்து, வருகிற காண்டிராக்டரைப் பார்த்து, "இதே வேலையை எந்தக் கட்டிடத்தில் செய்தாய்? அங்கே குடியிருப்பவர்களை நாங்கள் பார்க்கலாமா? சரக்கை மாற்றினால் எங்களுக்குச் சொல்லுவாயா? மிச்சமாகும் பணம் யாருக்கு?" என்று கேட்க விட வேண்டும். இந்த நாலு கேள்விகளுக்கு இஞ்சினியரிங் படிப்பு வேண்டியதில்லை.

அவசரம் என்கின்ற சாக்கு ஒன்று பாக்கி இருக்கின்றது. மழைக்காலத்தில் கூரை இடிந்தால் டெண்டருக்குக் காத்திருக்க முடியாது என்பது வாஸ்தவம். கைக்குக் கிடைத்த ஆளை வைத்துச் செய்ய வேண்டியதுதான். ஆனால் அநேக அவசரங்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. இரண்டு வருஷம் ஃபைலைக் கட்டிலுக்குக் கீழே போட்டுவிட்டு, மார்ச் மாதம் பணம் திரும்பிப் போய்விடும் என்று கூச்சல் போடுவது உத்தியோகஸ்தர் உண்டாக்கிய அவசரம். இங்கிலாந்தில் 2023இல் செய்து, 2025ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 24ந் தேதி அமலுக்கு வந்த புதிய கொள்முதல் சட்டம் இந்த விஷயத்தில் கவனித்தே எழுதப்பட்டிருக்கின்றது. மிகவும் தவிர்க்க முடியாத அவசரமானால் போட்டியில்லாமல் கொடுக்கலாம்; ஆனால் அந்த அவசரம் நிர்வாகத்தின் சொந்தச் செய்கையாலோ அசட்டையாலோ வந்ததாக இருக்கக் கூடாது; அப்படி நேராகக் கொடுப்பதானாலும், இன்ன காரணத்தால் இன்னாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று கொடுப்பதற்கு முன்பே பகிரங்க அறிவிப்புப் போட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

இது நல்ல ஏற்பாடு என்று நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் அதற்கும் ஓர் எல்லைத் தொகை உண்டு. அந்தத் தொகைக்கு மேற்பட்ட காண்டிராக்ட்டுகளுக்குத்தான் அந்தக் கண்டிப்பெல்லாம். கிரென்பெல்லில் பிளான் போட்ட கம்பெனி உள்ளே வந்த வாசல், எல்லைக்குக் கீழே இருந்த வாசல். அது இன்னும் திறந்துதான் இருக்கின்றது.